பூனை ஊர் சுற்றலாமா?

மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுகிறோம். ஆட்டைப் பட்டியில் அடைக்கிறோம். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்க்கிறோம். நாயைக்கூடப் பகலில் சங்கிலியில் போட்டு வைக்கிறவர்கள் உண்டு. ஆனால் நம் வீட்டில் வளரும் பிராணிகளில் பூனைக்கு மட்டும் கயிறும் இல்லை, கதவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் கொல்லைப் பக்கம் கிளம்பிப் போகும். விடிந்ததும் அடுப்படியில் வந்து படுத்துக் கொள்ளும். இரவெல்லாம் எங்கே போயிற்று, எதைத் தின்றது என்று கேட்பார் கிடையாது. 'பூனை என்றால் சுற்றத்தான் செய்யும்' என்று விட்டு விடுகிறோம்.

இந்த வழக்கத்தை விவசாயிகளாகிய நாம் மாற்றிக் கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். "பயிருக்குத் தண்ணீர் இல்லை, நெல்லுக்கு விலை இல்லை, இவர் பூனையைப் பற்றிப் பேச வந்து விட்டார்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். சிரித்ததற்கு விலை கொடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

நான் கண்ட நஷ்டம்

எங்கள் வீட்டில் மஞ்சள் வரிப் பூனை ஒன்று இருந்தது. பெட்டை. ஆறு வருஷம் வீட்டோடு வளர்ந்தது. நெல் மூட்டை அடுக்கிய அறையில்தான் பெரும்பாலும் படுத்திருக்கும். அது இருந்த வரை மூட்டையில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை.

ஒரு சம்பாப் பட்டத்தில் வயலில் எலி மிகுந்து விட்டது. கதிர் வாங்குகிற சமயம். காலையில் போய்ப் பார்த்தால் தூர் தூராகத் தண்டை அறுத்துச் சாய்த்திருக்கும். எல்லோரும் செய்வது போல நானும் கடையில் எலி மருந்துக் கட்டி வாங்கி வந்து, வரப்பு ஓரமாக அங்கங்கே போட்டு விட்டு வந்தேன். வளைக்குள் தள்ளி மண்ணால் மூடவில்லை. செத்த எலியைப் பொறுக்கவும் இல்லை. வேலை அதிகம் என்று அலட்சியமாக இருந்து விட்டேன்.

நாலைந்து நாள் கழித்துப் பூனை சாப்பிடாமல் திண்ணை மூலையில் சுருண்டு கிடந்தது. "வயிறு சரியில்லை போலிருக்கு, புல்லைத் தின்னு தானே சரியாயிடும்" என்றார் என் தாயார். மறுநாள் மூக்கோரம் ரத்தம் கசிந்தது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெளிறிப் போயிருந்தது. சாக்குப் பையில் வைத்துச் சைக்கிளில் கட்டிக் கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி, "வயலுக்கு எலி மருந்து வைத்தீர்களா?" என்பதுதான். "இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம்" என்றார். திரும்பி வரும் வழியிலேயே பூனையின் உயிர் போய் விட்டது.

அந்த ஆண்டு வயலில் எவ்வளவு எலி செத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அறுவடை முடிந்து நெல்லை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு, விதைக்கு என்று எடுத்து வைத்த மூட்டைகளிலேயே எலி புகுந்து விட்டது. எலியைக் கொல்கிறேன் என்று எலியின் எதிரியைக் கொன்றவன் நான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று சொல்வார்களே, அது எனக்குத்தான் பொருந்தும்.

பூனை வந்த வழி

பூனை நம்மிடம் வந்ததே தானியத்தை நாடித்தான். மேற்கு ஆசியாவில் மக்கள் பயிர் செய்து தானியத்தைச் சேமிக்கத் தொடங்கிய காலத்தில், அந்தத் தானியத்துக்கு எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. வந்த பூனை மனிதனோடு பழகி விட்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் ஒரு மனிதனின் எலும்புக் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் எலும்புக் கூட்டையும் கண்டெடுத்தார்கள். 2004-ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. ஆகவே, கடல் தாண்டிப் போன உழவர்கள் பூனையையும் படகில் ஏற்றிக் கொண்டு போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பூனையின் வேலை இடம் தானியம் இருக்கும் இடம். அதாவது குதிரும், பத்தாயமும், மூட்டை அடுக்கிய அறையும். ஊர் முழுவதும் சுற்றிக் காவல் காப்பது அதன் வேலை அல்ல.

வயல் எலியைப் பூனை ஒழிக்குமா?

"பூனையை அடைத்து விட்டால் வயலில் எலியை யார் பிடிப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பூனை சுற்றித் திரிந்தால் வயல் எலி ஒழிந்து விடும் என்பது வெறும் நம்பிக்கைதான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சார்லஸ் எல்ட்டன் என்ற அறிஞர் பண்ணைகளில் பூனைகளை வைத்துப் பார்த்து, 1953-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எலி ஏற்கெனவே மலிந்து கிடந்த பண்ணையைப் பூனைகளால் சுத்தப்படுத்த முடியவில்லை. ஆனால் முதலில் வேறு வழிகளில் எலியை ஒழித்து விட்டு, பிறகு பூனைகளை வைத்து அவற்றுக்குத் தவறாமல் பாலும் ஊற்றி வளர்த்தால், கட்டடங்களை ஒட்டிய பகுதியில் எலி திரும்பக் குடியேறாமல் அவை காத்தன. அதாவது, பூனை இருக்கிற எலிக் கூட்டத்தை அழிக்கும் படை அல்ல; புது எலி வராமல் தடுக்கும் காவல். அந்தக் காவலும் வீட்டைச் சுற்றித்தான். அதுவும் தீனி போட்டால்தான்.

இன்னொன்று, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துக் கழிவுக் கூடம் ஒன்றில் நடந்த ஆய்வு. 2018-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அங்கே பெரிய எலிகள் கூட்டமாக இருந்தன. தெருப் பூனைகளும் தாராளமாக வந்து போயின. கேமரா வைத்து 79 நாட்கள் கவனித்தார்கள். அத்தனை நாளில் பூனைகள் எலி மீது பாய்ந்தது மூன்றே தடவை. கொன்றது இரண்டே எலி. எலி பருத்து விட்டால் பூனைக்கும் அச்சம் உண்டு. பெருச்சாளியைப் பார்த்துப் பின்வாங்கும் பூனையை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோமே! சுண்டெலியும் குட்டி எலியும்தான் அதற்கு வசதியான இரை.

ஆகவே வயல் எலிக்கு வயலிலேயே வைத்தியம் பார்க்க வேண்டும். வரப்பைக் குறுக்கிக் கட்டுவது, புல் பூண்டை வெட்டிச் சுத்தமாக வைப்பது, கோடையில் வளைகளைத் தோண்டுவது, தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது, கூகையும் ஆந்தையும் உட்கார வயலில் குச்சி நடுவது ஆகியவை நமக்குத் தெரிந்த வழிகள்தான். இதையெல்லாம் பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன் உண்டு. நாம் ஒருவர் மட்டும் செய்தால், அடுத்த வயல் எலி நம் வயலுக்குக் குடி வந்து விடும்.

வெளியே காத்திருக்கும் ஆபத்துகள்

பூனைக்கு ஒன்பது உயிர் என்று மேல்நாட்டார் சொல்வதுண்டு. நம் ஊர்ச் சாலை ஓரத்தில் காலையில் கிடக்கும் பூனைகளைப் பார்த்தால், இருக்கிற ஒரு உயிருக்கே காவல் இல்லை என்று தெரியும். முன்பு மாட்டு வண்டி போன பாதையில் இப்போது இரவெல்லாம் லாரியும் மோட்டார் சைக்கிளும் போகின்றன. விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டதும் பூனை நடு வழியில் திகைத்து நின்று விடுகிறது.

தெரு நாய்க் கூட்டம் இரண்டாவது ஆபத்து. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு மூன்றாவது. இரவில் எலியைத் தேடி வைக்கோல் போருக்கு வரும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் நான்காவது. பூனை பாம்பைக் கொன்று விடும் என்று நம்பிக் கொண்டிருக்க வேண்டாம். அரை உயிரோடு பாம்பைக் கவ்விக் கொண்டு பிள்ளைகள் படுத்திருக்கும் இடத்தில் வந்து போடும் பூனையும் உண்டு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து நாம் கையாளும் விஷங்கள்தான். எலிக்கு வைக்கும் புரோமோடயலோன் மருந்து ரத்தத்தை உறைய விடாமல் செய்வது. அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்கள் தள்ளாடிக் கொண்டே திரியும். தள்ளாடும் எலி பூனைக்கு எளிய இரை. அப்படி இரண்டு மூன்று எலியைத் தின்றால் அதே விஷம் பூனையின் உடம்பிலும் சேரும். துத்தநாக பாஸ்பைடு என்னும் கருநிறப் பொடி எலியை உடனே கொல்லும். அதைப் பொரியிலோ கருவாட்டிலோ கலந்து வைக்கிறோம். கருவாட்டு வாசனை எலிக்கு மட்டுமா பிடிக்கும்? பூனையும் நாயும் நேராக வந்து தின்று விடும்.

பயிருக்கு அடிக்கும் மருந்திலும் ஜாக்கிரதை வேண்டும். பூனை தன் உடம்பை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மருந்து அடித்த ஈரப் பயிருக்குள் புகுந்து வந்தால் ரோமத்தில் பட்ட மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போய் விடும். சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்ற மருந்துகளை நாயின் உடம்பு ஓரளவு தாங்கும். பூனையின் உடம்பு தாங்காது. நாய்க்கு உண்ணி போக்க வாங்கிய மருந்தைப் பூனைக்கும் தடவி, அது உடம்பெல்லாம் உதறி உயிர் விடுவது நடக்கக் கூடியதே. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையும் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரை போதும், அதன் உயிரை வாங்க. இரக்கப்பட்டுக் கூடக் கொடுக்கக் கூடாது.

சுற்றும் பூனையால் நமக்கு என்ன நஷ்டம்?

பூனைக்கு வரும் ஆபத்தைச் சொன்னேன். பூனையால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும்.

முதலாவது வெறிநோய். நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் நாய்க் கடியால்தான் வருகிறது. ஆனால் வெறி பிடித்த நாய் கடித்த பூனைக்கும் இந்த நோய் வரும்; அந்தப் பூனை கடித்தாலும் பிராண்டினாலும் மனிதருக்கும் வரும். 'பூனை பிராண்டியதுதானே' என்று சும்மா இருந்து விடுவதுதான் ஆபத்து. நோய் கண்ட பிறகு பிழைக்க வழி இல்லை என்றே வைத்துக் கொள்ளலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே முதல் நாளும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் கையில் ஊசி போடுவார்கள். இரண்டு ஊசியோடு நின்று விடக் கூடாது. காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து ஒன்று போடுவார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

இரண்டாவது, ஆடு வளர்ப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒரு கிருமி பூனையின் குடலில் பெருகி அதன் மலத்தோடு வெளியே வருகிறது. எலியையும் குருவியையும் தின்று பழகும் இளம் பூனைகளிடம் இது அதிகம். அந்த மலம் பட்ட தவிட்டையோ பிண்ணாக்கையோ வைக்கோலையோ சினை ஆடு தின்றால் குட்டி வீசி விடலாம். ஆடு குட்டி வீசினால் கண் திருஷ்டி என்றும், மழைத் தண்ணீர் குடித்தது என்றும் சொல்லி விடுகிறோம். காரணங்கள் பல இருக்கலாம்; ஆனால் தீவனம் வைத்த இடத்தில் பூனை அசுத்தம் செய்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். கர்ப்பிணிப் பெண்களும் பூனை மலத்தை அள்ளக் கூடாது. தோட்ட மண்ணில் வேலை செய்த பின் கையை நன்றாகக் கழுவ வேண்டும்.

மூன்றாவது, பறவைகள். கரிச்சான் குருவியும், மைனாவும், தவிட்டுக் குருவியும், வானம்பாடியும் கூலி கேட்காமல் நம் வயலில் புழு பொறுக்குகிறவை. வானம்பாடி தரையில்தான் முட்டை இடும். தவிட்டுக் குருவி தாழ்ந்த புதரில் கூடு கட்டும். விடியற்காலையில் தரையில் மேயும் பறவை பூனைக்கு எளிதில் அகப்படும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் ஒரு மதிப்பீடு வெளியாயிற்று. அதில் பெரும் பங்கு வளர்ப்பார் இல்லாத பூனைகளால் வந்தது என்பதையும் சேர்த்தே அந்த ஆய்வு சொல்கிறது.

நான்காவது கோழிக் குஞ்சு. இதனால் பக்கத்து வீட்டாரோடு வரும் சச்சரவு ஊருக்கு ஊர் தெரிந்ததுதான். ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். குஞ்சு காணாமல் போனால் பழி முழுவதும் வீட்டுப் பூனை மேல் விழுகிறது. பருந்தும், காகமும், கீரியும், மரநாயும் செய்த திருட்டும் அதன் கணக்கில் எழுதப்படுகிறது. இரவில் அடைத்து வைத்த பூனை மீது இரவில் நடந்த திருட்டுக்குப் பழி சொல்ல முடியாது அல்லவா? அடைத்து வைப்பது பூனையின் பெயரையும் காப்பாற்றும்.

மேல்நாட்டுச் சட்டம் நமக்குப் பொருந்துமா?

சில நாடுகளில் இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் கான்பரா உள்ள பகுதியில், 2022 ஜூலை 1-ஆம் தேதி முதல் பிறந்த பூனைகளை எல்லாம் வளர்ப்பவர் தம் இடத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில், அருகி வரும் கொண்டை வானம்பாடி குஞ்சு பொரிக்கும் காலம் முடிகிற வரை, 2022-ஆம் ஆண்டில் ஊர்ப் பூனைகளை வீட்டுக்குள் அடைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

இந்தச் சட்டங்களை அப்படியே இங்கே கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் உண்டு. நம் வீடு ஓட்டு வீடு, கூரை வீடு. இறவாரத்தில் இடைவெளி இருக்கும். அங்கே பூனை செல்லப் பிராணி. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. நாள் முழுவதும் அடைத்து வைத்தால் பூனை கத்தும், கதவைப் பிராண்டும், கண்ட இடத்தில் அசுத்தம் செய்யும். நமக்கும் வெறுத்துப் போகும். பூனையைக் கயிற்றில் கட்டுவதும் கூடாது. தாவிக் குதிக்கும் பிராணி அது. கயிறு சுற்றிக் கழுத்து இறுகி விடும்.

ஆகவே நான் சொல்வது நடு வழி: இரவில் உள்ளே, பகலில் வெளியே.

யோசித்துப் பாருங்கள். எலி நடமாடுவது இரவில். நம் நெல் இருப்பது வீட்டுக்குள். இரவில் பூனையை வெளியே விட்டு விட்டு நெல் அறைக்குக் கதவைச் சாத்தினால், காவல்காரனை வெளியே தள்ளித் திருடனை உள்ளே விட்டது போல ஆகும். பூனையை நெல் இருக்கும் அறையிலோ, தாழ்வாரத்தை அடைத்தோ வைத்தால், எலி வருகிற நேரத்தில், எலி வருகிற இடத்தில் அது இருக்கும். லாரி, தெரு நாய், கிணறு, விரியன் ஆகிய ஆபத்துகளும் பெரும்பாலும் இரவுக்கு உரியவை. பகலில் பூனை பாதி நேரம் தூங்கத்தான் போகிறது. வெயில் ஏறிய பிறகு திறந்து விட்டால் பறவைகளுக்கும் ஆபத்து குறைவு.

செய்ய வேண்டியது என்ன?

இதற்குச் செலவு அதிகம் இல்லை. பழக்கம்தான் வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரத்தில், தினமும் ஒரே இடத்தில், வீட்டுக்குள் தீனி வையுங்கள். ஒரு பிடி சோறும் கருவாட்டுத் தலையும் மீன் கழிவும் போதும். பால் கட்டாயம் இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் கழியும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். 'தீனி போட்டால் பூனை எலி பிடிக்காது' என்பது தவறான எண்ணம். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பட்டினி போட்ட பூனைதான் அடுத்த வீட்டுக் குஞ்சைத் தேடிப் போகும். தீனி கிடைக்கும் நேரம் தெரிந்து விட்டால் பத்துப் பதினைந்து நாளில் தானே வந்து நிற்கும். வந்ததும் கதவைச் சாத்தி விடுங்கள்.

ஓர் உடைந்த மண் சட்டியிலோ பழைய தகரத்திலோ மணலோ சாம்பலோ போட்டு மூலையில் வையுங்கள். பூனை அதிலேயே போகும். காலையில் அதை அள்ளி ஆழமாகக் குழியில் புதையுங்கள். நான் மேலே சொன்ன கிருமி வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் நோய் தரும் தன்மை பெறுகிறது. அன்றன்று அள்ளி விட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். தவிட்டுப் பானையையும் பிண்ணாக்கு டின்னையும் மூடி வையுங்கள்.

குஞ்சு பொரித்த கோழியை முதல் ஒரு மாதம் பஞ்சாரத்தை விட்டு ஆள் பார்வை இல்லாமல் விடாதீர்கள். பூனையின் கழுத்தில் மணி கட்டினால் பறவைகள் பிழைப்பது ஓரளவு கூடும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள்தான் கேட்க வேண்டும். நாம் கேட்க வேண்டியதில்லை! ஆனால் கிளையில் மாட்டினால் அறுந்து விடக் கூடிய மெல்லிய நூலில்தான் கட்ட வேண்டும்.

மூன்று மாதக் குட்டியாக இருக்கும்போது வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும் போட வேண்டும். நாய்க்கு ஊசி போடப் போகும்போது பூனையையும் பையில் எடுத்துப் போகலாம். பை காற்றோட்டமாக இருக்கட்டும்.

கருத்தடையும் அவசியம். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்து விடும். சினைக் காலம் இரண்டு மாதத்துக்குச் சற்றே அதிகம். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நாலு குட்டி என்று வைத்தாலும் எட்டுக் குட்டிகள். எட்டுக்கும் வீடு எங்கே? கடுவன் பூனை ஊர் சுற்றுவதும், சண்டை போட்டுக் காதைக் கிழித்துக் கொண்டு வருவதும் பெரும்பாலும் துணை தேடித்தான். கருத்தடை செய்து விட்டால் அந்தச் சுற்றல் வெகுவாக அடங்கும். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் கேட்டால், இந்த அறுவையை எந்தப் பெரிய மருத்துவமனையில் செய்கிறார்கள் என்று சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைக் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. குட்டிகள் அதிகமாகி விட்டால் கோணியில் கட்டிக் கொண்டு போய்ச் சந்தையிலோ ஆற்றுக்கு அக்கரையிலோ விட்டு விட்டு வருகிறோம். அது பாவம் மட்டும் அல்ல. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். அப்படி விடப்பட்ட குட்டிகளில் பிழைத்தவைதான் வளர்ப்பார் இல்லாத பூனைகளாகி, நம் குஞ்சையும் வயல் குருவியையும் தின்கின்றன. பாரத்தை அக்கரையில் இறக்கி விட்டு வந்தோம் என்று நினைக்கிறோம். அக்கரையிலும் நம்மைப் போல ஒரு விவசாயிதானே இருக்கிறார்?

விஷம் வைக்கும்போது

எலி மருந்தே வைக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். கதிரை எலி அறுக்கும்போது விவசாயி கையைக் கட்டிக் கொண்டு நிற்க முடியாது. ஆனால் வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. மருந்தை வரப்பு மேல் வைக்காமல், எலி புழங்கும் வளைக்குள் தள்ளி, வாயை மண்ணால் மூட வேண்டும். வைக்கும் நாளைப் பக்கத்து வயல்காரர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அன்று தொடங்கிப் பத்துப் பதினைந்து நாட்கள் வீட்டுப் பூனையையும் நாயையும் பகலிலும் வயல் பக்கம் விடக் கூடாது. தினமும் விடியற்காலையில் வயலைச் சுற்றி வந்து, செத்த எலிகளைக் குச்சியாலோ பழைய மண்வெட்டியாலோ எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். கூகையும் ஆந்தையும் கூட இதனால் பிழைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பூனை விஷம் தின்று விட்டால், எண்ணெய், பால், உப்புத் தண்ணீர் என்று கை வைத்தியம் செய்து நேரத்தைப் போக்காதீர்கள். துத்தநாக பாஸ்பைடு தின்ற பிராணிக்கு உணவு கொடுத்தால் வயிற்றில் அமிலம் சுரந்து விஷ வாயு இன்னும் அதிகமாகும். மருந்து அட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். புரோமோடயலோன் விஷத்துக்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு. அதைச் சில வாரங்கள் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். ரத்தம் கசியும் வரை காத்திருந்தால் என் கதைதான் உங்களுக்கும்.

முடிவாக ஒரு வார்த்தை

இப்போது எங்கள் வீட்டில் வேறொரு பூனை இருக்கிறது. சாம்பல் நிறக் கடுவன். கருத்தடை செய்து, ஊசி போட்டது. முதல் வாரம் இரவெல்லாம் கத்தியது. "வாயில்லா ஜீவனை இப்படி அடைச்சு வெச்சிருக்கியே" என்று தாயார் என்னைக் கோபித்துக் கொண்டார். இப்போது சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் அவர்தான் முதலில், "பூனை வந்திருச்சா பாரு, கதவைச் சாத்தணும்" என்கிறார். விதை நெல் மூட்டை ஓட்டை இல்லாமல் இருக்கிறது. குஞ்சைக் காணோம் என்று எங்கள் வாசலில் வந்து யாரும் நிற்கவில்லை.

மாட்டுக்குக் கொட்டில் கட்டுகிறோம், ஆட்டுக்குப் பட்டி போடுகிறோம் என்றால், அவற்றால் நமக்கு வரும்படி உண்டு என்பதால் மட்டும் அல்ல. நம்மை நம்பி வந்த பிராணிக்கு இரவில் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பதாலும்தான். நம் நெல்லைக் காக்க வந்த பூனையை நாம் காக்க வேண்டாமா? இன்று சாயங்காலமே ஒரு பிடி சோற்றை வீட்டுக்குள் வைத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அது வரும்.